காந்தெலாரியாவின் குதிகால் சத்தம்

கடற்கரைத் துறைமுகத்திலிருந்து ஆற்றோடு எதிரேறிப் போனால் ஒரு பகல் படகுத் தூரத்தில், மழைக்காலத்தில் பாதி ஆற்றுக்கும் வெயில்காலத்தில் முழுக்கக் கொசுவுக்கும் சொந்தமாகிவிடுகிற லாஸ் கார்சாஸ் என்ற மெக்ஸிக்கோ ஊரில், ஹசிந்தா என்று ஒரு விதவை இருந்தாள், அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தொமாசா, இளையவள் காந்தெலாரியா. அந்த ஆற்றங்கரைப் பக்கத்து ஆட்டத்துக்கு மத்தளமும் கிடையாது, பறையும் கிடையாது. தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திப் போட்ட பலகை மேடையில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று குதிகால் வைத்த செருப்பால் அடிக்கிற அடிதான் அங்கே தாளம், அந்த அடியைக் கேட்டுத்தான் யாழ்க்காரன் விரலை எடுப்பான், பாட்டுக்காரன் வாயைத் திறப்பான். அதனால் அங்கே ஒரு பெண்ணை நன்றாக ஆடுகிறாள் என்று யாரும் புகழ்வதில்லை, அவள் கால் பேசுகிறது என்றுதான் சொல்வார்கள். காந்தெலாரியாவின் இடது குதிகால் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி விழும், வாசல் வரை போனவள் ஏதோ நினைவு வந்து திரும்பிப் பார்ப்பதுபோல. தொமாசாவின் காலோ வெட்டிவைத்த மாதிரி பேசும். அவள் முகத்தைச் சிறுவயதிலேயே அம்மை தின்றுவிட்டிருந்தது, ஆனால் தாளம் கேட்க வருகிறவர்களுக்கு முகம் எதற்கு என்று அவளும் இருந்தாள், ஊரும் இருந்தது.

புரட்சியின் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த ஒரு பிப்ரவரியில், மாதா திருவிழாவைப் படம் பிடிக்க வடக்கு எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு மனிதர் முக்காலியும் பெட்டியுமாக வந்து இறங்கினார். அந்தப் பெட்டிக்குக் கண் இருந்தது, காது இல்லை. அவர் அதன் கைப்பிடியைச் சுற்றியபடி அக்காவும் தங்கையும் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு நிறுத்திவிட்டு மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ சொன்னார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த மூத்தவங்க மட்டும் கொஞ்சம் இறங்கிக்கிட்டா நல்லாருக்குமாம்," என்றான்.

தொமாசா இறங்கினாள். அதில்கூட அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும். ஆனால் அந்த ஊர் மேடையில் எதிரே ஆள் இல்லாமல் எந்தப் பெண்ணும் தனியாக ஆடியதில்லை. ஒருத்தி இறங்கினால் மற்றவள் நிற்பாள், இன்னொருத்தி ஏறிய பிறகுதான் தொடருவாள். காந்தெலாரியா நிற்கவில்லை. கைப்பிடி மறுபடி சுற்றத் தொடங்கியது, அவள் பெட்டியின் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஓர் அடிகூடத் தவறாமல், தனியாக ஆடிக்கொண்டே இருந்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் அவள் படத்தில் ஆட வடக்கே கிளம்பினாள். ஊரே படகுத்துறைக்கு வந்தது. தொமாசா மட்டும் கொல்லையில் சோளம் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். காந்தெலாரியா ஓடிவந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "போய்ட்டு வரேன்கா," என்றாள். தொமாசா திரும்பவில்லை. "போ," என்றாள்.

மறு வருஷம் மாமரம் பூத்திருந்த ஒரு மத்தியானம், ஹசிந்தா முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அப்போதே வெண்படலம் விழுந்து, ஆட்கள் எல்லாம் அவளுக்குப் பனிமூட்டமாகிக்கொண்டிருந்த நேரம். மரத்தடியில் கிடந்த மேடையில் யாரோ ஆடுகிற சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து தொமாசா வெளியே வந்தாள். மேடையில் யாரும் இல்லை. ஆனால் பலகையில் கிடந்த மாம்பூக்கள் ஒவ்வோர் அடிக்கும் துள்ளித் துள்ளி எழுந்தன, மேடையில் படுத்திருந்த கோழி மரியாதையாக எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்தது.

"யாரும்மா இது?" என்றாள் தொமாசா.

"உன் தங்கச்சிதான்," என்றாள் ஹசிந்தா, கை அவரையை விடாமலே. "இடது கால் பிந்துது பாரு."

ஊமைப்படத்தில் அவளுடைய கையும் கண்ணும் இடுப்பும் பதிந்தன, குதிகால் சத்தத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை, இடமில்லாத எதுவும் வீட்டுக்குத்தானே வரும் என்று ஊர் அதைப் புரிந்துகொண்டது. அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. பாதிரியார் அபுந்தியோ மட்டும் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். தீர்த்தத் துளிகளும் தாளத்தோடு துள்ளின. ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தம் வருவதில்லை என்று தெரிந்ததும் அவர் மனம் சமாதானமாகி, ஓய்வுநாளை மதிக்கிற எதுவும் சாத்தானின் வேலையாக இருக்காது என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அதன்பிறகு ஊர், வெள்ளத்துக்கும் கொசுவுக்கும் பழகியதைப் போலவே, இதற்கும் பழகிக்கொண்டது. மீன்காரி மேடையைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாள். அந்தப் பலகைமேல் துணி உலர்த்துவதில்லை என்று பெண்கள் முடிவு செய்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டால் வயிற்றுப் பிள்ளை அமைதியாகிறது என்றார்கள். பலகை தேய்ந்து குழிவிழுந்தபோது தச்சன் சில்வெரியோ, ஊரில் நல்ல யாழ்க்காரனும் அவன்தான், காசு கேட்காமல் புதுப் பலகை இழைத்துப் போட்டுவிட்டு, முதல் அடி விழும்வரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

ஒன்றே ஒன்றுதான் ஊருக்குப் புரியவில்லை. சத்தம் அழகாகத் தொடங்கும், சில்வெரியோ யாழை எடுத்துக்கொண்டு ஓடிவந்து விரலை வைப்பான், பாட்டு சூடுபிடிக்கும்போது பட்டென்று நின்றுவிடும், பிறகு அதே அடி முதலிலிருந்து, மறுபடி அதே இடத்தில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து, சாயங்காலம் வரைக்கும் அதே.

"ஒரு பாட்டை முழுசா ஆட விடமாட்டானுங்களா?" என்று சில்வெரியோ சலித்துக்கொள்வான்.

"வறுத்தெடுக்கிறானுங்க அவளை," என்பாள் மீன்காரி. "கேளு, கால் கெஞ்சுது."

பெண்கள் அந்தக் காலை முகத்தைப் படிப்பதுபோலப் படித்தார்கள். இன்று தூங்கவில்லை, இன்று செருப்பு புதுசு, கடிக்கிறது, இன்று யாரோ அவளை மனசு குளிரப் புகழ்ந்திருக்கிறார்கள். ஒரு மாதம் முழுக்க வெறுங்கால் சத்தமாகவே வந்தது. அங்கே அவள் யாரோ ஒரு சுல்தானின் அடிமைப்பெண்ணாக நடித்துக்கொண்டிருந்தாள் என்பது இவர்களுக்குத் தெரியாது. செருப்புக்குக்கூட வழியில்லாமல் போய்விட்டதே என்று கண்ணீர்விட்டு, ஊர்கூடி ஒரு சோடி செருப்பு செய்வித்து வடக்கே அனுப்பினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கூடவே நாலு வரி எழுதி, உன் கால் சத்தம் இங்கே தினமும் கேட்கிறது என்று தெரிவித்தார். பதிலுக்கு ஒரு புகைப்படம் வந்தது. அதில் அவள் பெயர் பெர்லா ஒலிவார் என்றிருந்தது, புருவம் நூலாக இருந்தது. பின்பக்கம் அவளுடைய கோணல் எழுத்து: அங்கே கேட்கிறதா? இங்கே எனக்கே கேட்பதில்லை. நான் ஆடும்போது பக்கத்தில் தச்சர்கள் ஆணி அடிக்கிறார்கள், இயக்குநர் வாயில் தகரக் குழாயை வைத்துக் கத்துகிறார். நீங்களாவது கேளுங்கள்.

புகைப்படத்தை ஹசிந்தா தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். வழவழப்பான அட்டை, அவ்வளவுதான். அவளுக்கு மகள் என்றால் அந்த மேடைதான். விடிந்ததும் நாற்காலியை அதன் பக்கம் போடச் சொல்வாள், சத்தம் வந்ததும், "வந்துட்டா," என்பாள், சத்தம் நின்றதும், "சாப்பிடப் போயிருக்கா," என்பாள்.

தொமாசா அடுப்படியிலேயே இருந்தாள். அந்தச் சத்தத்தை அவள் கேட்காத நாளில்லை, அதற்காக ஒருநாளும் முற்றத்துக்கு வந்ததுமில்லை. மாவு பிசைகிற கை அவளை அறியாமல் அந்தத் தாளத்துக்குப் போய்விடும்போது, கையை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மறுபடி தன் தாளத்துக்கே பிசைவாள். அப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. பிறகு ஒருநாள், அம்மாவும் அசந்து தூங்கிய ஒரு பிற்பகலில், மேடையில் கால் தடுக்கி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு, அதே ஆட்டம், அதே முதல் அடியிலிருந்து. விழுந்தவளைக்கூட உட்காரவைக்கவில்லை. தொமாசா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், செருப்பை மாட்டினாள், மேடையில் ஏறி எதிரே நின்றாள். இழுத்துக்கொண்டு வந்த காலுக்கு நின்று நின்று இடம் கொடுத்து, அது விட்ட அடியைத் தான் எடுத்து, அது மூச்சு வாங்கும்போது தான் பேசி, பொழுது சாயும்வரை ஆடினாள். அன்றிலிருந்து தினமும் ஏறினாள். மேடையில் ஒருத்தி ஆடுவதும் இரண்டு பேர் சத்தம் கேட்பதும் ஊருக்கு வழக்கமாகிவிட்டது. காந்தெலாரியாவுக்கு அங்கே தன் எதிரே ஆள் இருப்பது தெரிந்ததா என்று யாருக்கும் தெரியாது. தொமாசா எழுதச் சொல்லவும் இல்லை.

சத்தம் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. முதலில் ஊர் அதை விடுமுறை என்று நினைத்தது, பிறகு காய்ச்சல் என்று நினைத்தது, பிறகு கல்யாணம் என்று நினைத்தது. வெள்ளம் வந்து வடிந்தும் சத்தம் வராதபோது பெண்கள் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு வந்து ஹசிந்தாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டாள். "வேலை இல்லாம இருக்கா. செத்தா எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான் என்று துறைமுகத்துப் படகுக்காரன் ஒருவன் சேதி கொண்டுவந்தான். அங்கே திரையரங்கில் பேசும்படம் வந்திருக்கிறது, அதில் காந்தெலாரியா ஆடுகிறாள், குதிகால் சத்தமும் கேட்கிறது. அப்படியென்றால் சத்தத்துக்குப் படத்திலேயே இடம் கிடைத்துவிட்டது, இனி அது ஏன் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஊர் நிம்மதியும் வருத்தமுமாகப் பேசிக்கொண்டது, பிறகு கிடைத்த படகுகளில் எல்லாம் ஏறி, கோழியும் சோள ரொட்டியும் கட்டிக்கொண்டு, ஹசிந்தாவை நாற்காலியோடு தூக்கிவைத்துக்கொண்டு, ஆற்றோடு இறங்கித் துறைமுகம் போனது.

திரையில் அவள் வந்ததும் ஊரே எழுந்து நின்றது. வெள்ளைச் சட்டை, தலையில் ரோஜா, அதே சிரிப்பு. அவள் ஆடினாள். குதிகால் சத்தம் கொட்டியது, மழைபோல, மணிமணியாக, துல்லியமாக, ஓர் அடிகூடப் பிந்தாமல்.

"இது யாரு?" என்று ஹசிந்தா அரங்கமே கேட்கும்படி கேட்டாள்.

"சும்மா இரும்மா," என்றாள் தொமாசா.

"இது என் பொண்ணு இல்ல. யாரோ ஒருத்தன் ஆடறான். என் பொண்ணு எங்க?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் உஸ் என்றார்கள். தொமாசாவுக்கும் முதல் அடியிலேயே தெரிந்துபோயிற்று. திரையில் தங்கையின் இடது கால் பிந்திக்கொண்டுதான் விழுந்தது, சத்தம் மட்டும் அவளுக்காகக் காத்திராமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. தங்கையின் சத்தம் படத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

பெர்லா ஒலிவாரின் பெயர் அதன்பிறகு சுவரொட்டிகளில் சிறிதாகிக்கொண்டே வந்தது. பேசும்படத்துக்கு அவள் நாக்கு வளையவில்லை என்றார்கள், கதாநாயகியாக இருந்தவள் கதாநாயகியின் வேலைக்காரியானாள், பிறகு கூட்டத்தில் விசிறி பிடித்து நிற்பவளானாள், பிறகு சுவரொட்டியே வரவில்லை. வருஷங்கள் கழித்து ஒரு நாள் தொமாசா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஏதோ உறுத்தத் திரும்பிப் பார்த்தாள், பின்னால் நரிமயிர்க் கழுத்துப்பட்டை வைத்த கோட்டும் கையில் பெட்டியுமாகக் காந்தெலாரியா நின்றுகொண்டிருந்தாள். சருகு நிறைந்த முற்றம், ஒரு சருகுகூட நொறுங்கவில்லை. நாய் தூங்கிக்கொண்டே இருந்தது.

"எப்போ வந்த?" என்றாள் தொமாசா.

"ரொம்ப நேரமாச்சுக்கா. உன்னைக் கூப்பிடலாமா வேண்டாமான்னு நின்னுட்டிருந்தேன்."

அவள் காலைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்துக் காட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. படக்கம்பெனியில் பஞ்சு மெத்தைமேல் ஆடவைத்தார்கள், ஒலிவாங்கிக்கு இடைஞ்சல் கூடாதாம். பிறகு ஒரு பையன் தனி அறையில் உட்கார்ந்து, அவள் காலைத் திரையில் பார்த்து, கையில் மாட்டிய கட்டைகளால் தட்டிச் சத்தம் சேர்த்தான். நாள்முழுக்க மெத்தைமேல் ஆடிவிட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினேன், படி பேசவில்லை, அன்றிலிருந்து கல்லில் நடந்தாலும் மரத்தில் நடந்தாலும் இப்படித்தான், என்றாள். அதை அவள் சொன்ன குரலும் அவளுடையது இல்லை. அங்கே ஓர் ஆசிரியை வைத்துத் தொண்டையைத் தாழ்த்திப் பழக்கியிருந்தார்கள், அது பழகிப்போய் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா முன்னால் போய் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஹசிந்தாவுக்குச் சுத்தமாகப் பார்வை இல்லை. "அம்மா, நான்தான். காந்தெலாரியா."

ஹசிந்தா அந்தக் கையைத் திருப்பித் திருப்பித் தடவினாள். மெத்தென்ற கை, பூ வாசனை. "நல்ல குரல்," என்றாள் மரியாதையாக. "என் பொண்ணு உங்களை அனுப்பினாளா? அவ நல்லாருக்காளா? உட்காருங்க. தொமாசா, இவங்களுக்குச் சாக்லேட் காய்ச்சிக் கொடு."

பெற்ற மகளை அம்மா "நீங்க" என்றபோது காந்தெலாரியா அழவில்லை, எத்தனையோ படத்தில் கிளிசரின் இல்லாமல் அழுதவள். கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு சொல்லியும் பயனில்லை. "என் பொண்ணு நடந்தா எனக்குக் கேட்கும்மா," என்று ஹசிந்தா பொறுமையாகப் பதில் சொல்வாள், "நீங்க நல்ல மனுஷி, ஆனா பொய் சொல்லாதீங்க." காந்தெலாரியா அவளுக்குத் தலை வாரினாள், ஊட்டிவிட்டாள், கால் பிடித்துவிட்டாள், எல்லாவற்றுக்கும் அம்மா நன்றி சொன்னாள், நன்றி சொல்லிவிட்டு, காதை மேடைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

சத்தம் மட்டும் வந்ததற்குப் பழகிய ஊர், சத்தமில்லாமல் வந்தவளுக்கும் பழகிக்கொண்டது. முதலில் கடைக்காரர் இரண்டு முறை பயந்து எண்ணெய்யைக் கொட்டினார், பிறகு, "வரும்போது ஏதாவது பாடிக்கிட்டே வாம்மா," என்று கேட்டுக்கொண்டார். கோயிலில் அவள் நற்கருணை வாங்க நடந்து போவதைப் பார்த்த கிழவர்கள் சிலுவைக்குறி போட்டார்கள், பின்னர் அதையும் விட்டுவிட்டார்கள். மீன்காரி மட்டும் அவள் போகும்போதெல்லாம் குனிந்து அவள் காலைப் பார்த்து, செத்துப்போன சிநேகிதிக்குப் பெருமூச்சு விடுவதுபோல விடுவாள். அக்காவும் தங்கையும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே கிணற்றில் இறைத்தார்கள், அந்தத் திருவிழா நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. மேடையில் இருவரும் ஏறவில்லை.

மாம்பூ உதிர்கிற காலத்தில் ஹசிந்தா படுத்துவிட்டாள். பாதிரியார் அபுந்தியோ வந்து எண்ணெய் பூசி இறுதி ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அவள் சாளரத்தின் பக்கமாக முகத்தைத் திருப்பி, "இன்னிக்கும் அவளுக்கு வேலை இல்லையா?" என்றாள். பிறகு, "ஒரே ஒரு பாட்டு. முழுசா. அவ போனதுலேர்ந்து முழுசா ஆடி நான் கேட்டதே இல்ல," என்றாள்.

காந்தெலாரியா வெளியே வந்து அக்காவின் தோளைத் தொட்டாள்.

"நீ ஏறுக்கா. என் காலைப் போடு."

"அது உன்னோடது."

"என்கிட்ட இல்லியே இப்போ. உன்கிட்டதான் இருக்கு."

தன் வாழ்நாளில் ஓர் அடி பிந்தாதவள் தொமாசா. அந்தப் பிசகை எடுத்துத் தன் காலில் போட்டுக்கொள்வது, நல்ல கையெழுத்துக்காரி வேறொருத்தியின் கோணல் எழுத்தில் எழுதுவதுபோல. அவள் செருப்பை மாட்டினாள். சில்வெரியோவுக்கு ஆள் போயிற்று, அவன் யாழைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான், பின்னாலேயே தெருவும் வந்து வேலியோரமாக நின்றது. காந்தெலாரியா உள்ளே போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் அடியிலேயே ஹசிந்தாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டா."

சாளரத்துக்கு வெளியே தொமாசா ஆடினாள், இடது குதிகாலை ஒரு மயிரிழை பிந்தவிட்டு, தங்கையின் அவசரத்தையும் தங்கையின் சிரிப்பையும் காலில் வைத்துக்கொண்டு. வேலியோரம் நின்ற மீன்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டம் எங்கும் நிற்கவில்லை, யாரும் நடுவில் கத்தவில்லை, முதலிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கேட்ட பிறகு ஹசிந்தாவின் நெற்றி சுருங்கியது. "ஒத்தையா ஆடறாளே. தொமாசா எங்க?"

அவள் காதைச் சாளரத்தின் பக்கம் இன்னும் திருப்பினாள்.

"எதிர்ல ஏற மாட்டேன்னுட்டாளா? அவளுக்குக் கோபம் இன்னும் போகல. நான் போற நேரத்துலகூட அவளுக்குக் கோபம் போகல."

தொமாசாவுக்கு அது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. இதோ இருக்கிறேன் அம்மா என்று கத்த வாயெடுத்தாள்; கத்தினால் ஆடுவது யார் என்று தெரிந்துபோகும், நின்றால் அம்மாவின் காதில் காந்தெலாரியா அந்த இடத்திலேயே செத்துப்போவாள். இருக்கிற இரண்டு கால்களும் தங்கையுடையவையாக இருந்தன. தன்னுடைய காலுக்கு அங்கே இடமில்லை. கண்ணீர் தாடையில் வழிந்து பலகையில் சொட்டச் சொட்ட அவள் ஆடிக்கொண்டே இருந்தாள்.

அப்போது உள்ளேயிருந்து அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது. அடுப்புப் புகையில் கரகரத்த, சொல்லின் நுனியை வெட்டிப் பேசுகிற, அவளுடைய குரலேதான்.

"இங்கதான்மா இருக்கேன். கால் வலி. உக்காந்திருக்கேன்."

"தொமாசாவா? கிட்ட வா." ஹசிந்தா மறு கையால் துழாவினாள். "கோபமாடி அவமேல?"

"அதெல்லாம் எப்பவோ போயிருச்சு."

"பொய் சொல்லாத."

குரல் முன்னைவிட உரக்க வந்தது. "ஆமா. இருக்கு. நான் இறங்கினப்போ அவ நின்னிருக்கணும்மா. அந்தப் பெட்டிக்காரன் எது சொன்னாலும், எனக்காக ஒரு அடி அவ நின்னிருக்கணும். அவளுக்கு அது தெரியும். அவ ஒருநாளும் மறக்கல."

"சின்னப் பொண்ணுடி அவ."

"ஆமாம்மா."

"நீதான் மூத்தவ. மன்னிச்சிரு."

அந்த இடத்தில் குரல் வரவில்லை. வெளியே தொமாசாவின் கால் ஓர் அடி தடுமாறியது, சில்வெரியோ நிமிர்ந்து பார்த்தான், கால் மறுபடி தாளத்தில் விழுந்தது.

"சரிம்மா," என்றது குரல். "மன்னிச்சிட்டேன்."

ஹசிந்தா தலையணையில் சாய்ந்துகொண்டாள். பாட்டு முடிய இன்னும் இரண்டு சரணம் இருந்தது, அவள் அதைக் கேட்டாளா இல்லையா என்று தெரியாது. கடைசிச் சரணத்தில் தொமாசா தலையை நிமிர்த்தியபோது மேடையில் எதிரே காந்தெலாரியா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எப்போது ஏறினாள், ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் தொமாசாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் நிற்கவில்லை. காந்தெலாரியாவும் ஆடத் தொடங்கினாள், சத்தமே இல்லாமல். இருவரும் பாட்டை முடித்தார்கள், சில்வெரியோ யாழின் தந்திகளை உள்ளங்கையால் அமர்த்தினான், வேலியோரம் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஊர் பள்ளத்தில் இருப்பதால் கல்லறை அக்கரை மேட்டில். மறுநாள் ஹசிந்தாவைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மற்றவர்கள் முன்னால் போனபிறகு, அக்காவும் தங்கையும் ஒரு சிறிய தோணியில் எதிரெதிரே உட்கார்ந்து திரும்பினார்கள். தொமாசா துடுப்புப் போட்டாள். தோணி நடு ஆற்றுக்கு வந்தது.

"அம்மாவுக்குக் கண்ணுதான் போச்சு," என்றாள் தொமாசா, கரையைப் பார்த்துக்கொண்டு. "காது கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துது."

"ம்."

"அப்புறம் ஏன் அவ்வளவு சத்தமாப் பேசின?"

காந்தெலாரியா தண்ணீரில் கையை விட்டு எடுத்தாள். வடக்கே பழகிய குரலிலும் இல்லை, அக்காவின் குரலிலும் இல்லை, எத்தனையோ வருஷமாக யாரும் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் அவள் சொன்னாள்:

"அம்மாவுக்கு மட்டும்னா மெதுவாத்தான் பேசியிருப்பேன்கா."

தொமாசாவின் துடுப்பு நின்றது. தோணி தானாகவே கொஞ்ச தூரம் போயிற்று.